அரைவையும் அழுத்தமும்

நம் தஞ்சைத் தரணியில் ஒருவர் இல்லத்துக்கு விருந்தினராய்ச் சென்றால், சலாமும் நலவிசாரிப்பும் முடிவதற்குள் அடுக்களையில் அடுப்புப் பற்றிக்கொள்ளும். "காப்பி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பதே இங்குச் சற்றுக் குறைந்த மரியாதை, கேளாமல் கொண்டுவந்து வைப்பதே முறை. கும்பகோணத்துப் பித்தளை டபராவும் தம்ளரும் இல்லாத வீடு நம் பக்கத்தில் அரிது. ஆயினும் அந்தத் தம்ளருக்குள் இருப்பது எவ்வாறு உண்டாயிற்று என்று எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? கொட்டை எங்கே அரைபட்டது, தூள் எவ்வாறு அமுக்கப்பட்டது என்னும் இரண்டு கேள்விகள் என் இல்லத்தில் ஒரு குடும்பத்தின் வருங்காலத்தையே தொட்டுவிட்ட கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

காப்பி நமக்கு அயலான பானமன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபிகள் இரவு நேர திக்ருக்குக் கண்விழித்திருக்க அதைப் பருகினர் என்பதே அதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய உறுதியான செய்தி. 'கஹ்வா' என்ற அரபுச் சொல்லே துருக்கியில் 'கஹ்வே' ஆகி, இத்தாலியில் 'கஃபே' ஆகி, நம்மிடம் 'காப்பி' ஆயிற்று. 1511ஆம் ஆண்டில் மக்கா நகரில் மம்லூக் ஆட்சியின் அதிகாரியாக இருந்த காயிர் பேக் என்பவர் இந்தப் பானத்தைத் தடை செய்தார். கெய்ரோவிலிருந்த மேலிடம் அந்தத் தடையை நிலைக்க விடவில்லை. நம் நாட்டுக்கு அது வந்த வழியையும் நாம் அறிவோம். ஹஜ்ஜை முடித்துத் திரும்பிய பாபா புதன் என்னும் பெரியார் யமனிலிருந்து ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்மகளூர்ப் பக்கத்துச் சந்திரகிரி மலையில் நட்டார் என்பது வழிவழி வரும் செய்தி. அந்த மலை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது. நாம் காலையில் பருகும் காப்பியின் கொட்டையில் ஒரு பகுதி அந்த மலைகளிலிருந்து வருகிறது.

நாகைக்கும் திருவாரூருக்கும் இடையே, வயல்களுக்கு நடுவே அமைந்தது எங்கள் கீழ்வேளூர். என் அத்தா 1950களில் பினாங்கில் ஒரு கடையில் கணக்கெழுதினார்கள். ஊர் திரும்பியபோது அவர்கள் கொண்டுவந்த பொருள்களுள் ஒன்று, மேசை விளிம்பில் திருகி மாட்டும் வார்ப்பிரும்புக் காப்பி மிஷின். மேலே கிண்ணம், பக்கத்தில் கைப்பிடி, கீழே தூள் விழும் வாய். என் அம்மாவுக்கு இப்போது வயது 86. அவர்கள் அந்தக் கைப்பிடியைச் சுற்றிய ஓசைதான் என் இளமையின் விடியற்காலை. பிற்காலத்தில் கடையில் அரைத்த தூளே வீட்டுக்கு வரத் தொடங்கியதும் மிஷின் பரணேறியது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் எங்கள் கரையைக் கடந்து மின்கம்பங்களையெல்லாம் சாய்த்தபோது மீண்டும் கீழிறங்கியது. இரண்டு வாரத்துக்கு மேலாக எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. அம்மா வாங்கி வைத்திருந்த கொட்டையைக் கையால் அரைத்து, தெருவில் எட்டு வீடுகளுக்குக் காப்பி கொடுத்தோம்.

இனி, என் இளைய மகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் வளைகுடா நாடொன்றில் எட்டு ஆண்டுகள் ஒரு காப்பிக் கடையில் வேலை பார்த்தான். 2021ஆம் ஆண்டின் இறுதியில் அந்தக் கடை மூடப்பட்டது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. அதற்கு ஈடாக என்று சொல்லி முதலாளி தம் வீட்டிலிருந்த சிறிய எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் ஒன்றை அவன் கையில் கொடுத்தனுப்பிவிட்டார். எட்டு ஆண்டு உழைப்பின் இறுதி ஊதியமாக அந்தப் பெட்டி எங்கள் கூடத்தில் வந்து அமர்ந்தது. அவனுடைய வலது மணிக்கட்டில் ஒரு வலியும் உடன் வந்திருந்தது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை காப்பித் தூளை அழுத்தி அழுத்தி ஏற்பட்ட வலி அது.

எஸ்பிரஸ்ஸோ என்றால் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது கலியாண மண்டபத்து வாசலில் நீராவிச் சீறலோடு நுரை பொங்கத் தரும் பால் காப்பிதான். அது பெரும்பாலும் உடனடிக் காப்பித் தூளும் நீராவியில் காய்ச்சிய பாலும் சேர்ந்தது. இத்தாலிய எஸ்பிரஸ்ஸோ வேறு. மிக நுண்ணிதாய் அரைத்த தூளை ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, இறுக அமுக்கி, ஏறத்தாழ 93 பாகை வெப்பமுள்ள நீரை வளிமண்டலத்தைப் போல் ஒன்பது மடங்கு அழுத்தத்தில் அதனூடே செலுத்துவர். 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் அளவு கெட்டிச் சாறு 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும். மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா 1901இல் இதற்கான இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அக்கில்லே காஜியா 1948இல் வெளியிட்ட நெம்புகோல் இயந்திரம்தான் அந்தச் சாற்றின் மேல் பொன்னிறப் பாலாடை போன்ற நுரையைத் தோற்றுவித்தது.

நம் பில்டரோ வேறு நெறியில் இயங்குகிறது. கொதிநீரை ஊற்றிவிட்டு நாம் உறங்கப் போகலாம். நீர் தன் எடையால் மட்டுமே மெல்ல இறங்கும். எஸ்பிரஸ்ஸோவில் எல்லாம் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் பிழைக்கு இடமில்லை. பில்டர் பொறுத்துக்கொள்ளும் அரைவையை எஸ்பிரஸ்ஸோ பொறுத்துக்கொள்ளாது.

மகன் இயந்திரத்தை வைத்து, முதலில் கடைத் தூளையே இட்டுப் பார்த்தான். எங்கள் வீட்டுத் தூளில் சிக்கரி உண்டு. சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். மீதி முழுதும் சிக்கரியாக இருக்கலாம் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. பில்டரில் சிக்கரி நீரைப் பிடித்து வைத்துக் கெட்டியான டிகாக்ஷனைத் தரும். இங்கோ அது கிண்ணத்தில் களிபோல் படிந்தது; நீர் சொட்டுச் சொட்டாகக்கூட இறங்க மறுத்தது. அடுத்து, சிக்கரி கலவாத கொட்டையை மிக்ஸியில் அடித்தான். பத்து விநாடியில் நீர் பாய்ந்தோடி வந்தது. சாறு புளித்தது, அதே வாயில் கசந்தது. பரணில் இருந்த அத்தாவின் மிஷினையும் இறக்கினோம். பில்டருக்கு இன்றும் குறையில்லாமல் அரைக்கிறது. எஸ்பிரஸ்ஸோவுக்கு வேண்டிய நுண்மைக்குத் திருகினால், அச்சு ஒரு முனையில் மட்டும் தாங்கப்பட்டிருப்பதால் உள்ளிருக்கும் பல் ஆடுகிறது. ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விலகுகிறது.

"ஒரே காப்பி எப்படிப்பா புளிக்கவும் கசக்கவும் செய்யும்?" என்று கேட்டேன். அவன் மிக்ஸித் தூளை ஒரு வெள்ளைத் தாளில் பரப்பிக் காட்டினான். நெல் விளையும் ஊரில் பிறந்தவனுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. தாளில் கிடந்தவை குருணையும் தவிடுமே. முழு அரிசியும் குருணையும் கலந்து உலை வைத்தால் என்ன ஆகும்? குருணை குழைந்து கஞ்சியாகும் வேளையில் முழு அரிசி நறுக்கரிசியாகவே நிற்கும். காப்பியும் அவ்வாறே. பொடிந்த துகள் தன்னிடமுள்ளதையெல்லாம் நீருக்குக் கொடுத்துக் கசக்கிறது. பருந்துகள் பாதியைக்கூடக் கொடுக்காமல் புளிக்கிறது. மிக்ஸியின் கத்தி வெட்டுகிறது, அரைப்பதில்லை. எது எங்கே அகப்படுகிறதோ அதை வெட்டும். இரண்டு பற்சக்கரங்களுக்கிடையே ஓர் அளவான இடைவெளியை வைத்து, அந்த அளவுக்குச் சிறுத்த துகளை மட்டும் வெளியே விடும் கருவிதான் காப்பிக்கு ஏற்றது. நம் இல்லத்துப் பெண்மணிகளுக்குக் கிரைண்டர் என்றால் மாவாட்டும் கல்தான் நினைவுக்கு வரும். கல்லின் நெறியும் அதுவேயன்றோ? மிக்ஸியில் அரைத்த மாவு இட்லிக்குச் சரிப்படாது என்பது அவர்கள் என்றோ கண்ட உண்மை.

ஆக, இயந்திரம் கையில் இருக்க, கிரைண்டர் வாங்க வேண்டிய நிலை. விலை விசாரித்தபோதுதான் வீட்டில் பேச்சு எழுந்தது. எஸ்பிரஸ்ஸோவுக்கு ஏற்ற மின் கிரைண்டர் முப்பதாயிரம் என்றார்கள். கையால் சுற்றும் நல்லதொன்று 12,000 ரூபாய். மகனுக்கு வேலையில்லை. அவனுக்கு இரண்டு குழந்தைகள். என் ஓய்வூதியத்தில்தான் குடும்பம் நடந்துகொண்டிருந்தது. "சம்பளத்துக்குப் பதிலா ஒரு பெட்டி வந்துச்சு. இப்போ அந்தப் பெட்டிக்குத் தீனி போட இன்னொரு பெட்டியா?" என்றாள் என் மனைவி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வீண்விரயம் நம் மார்க்கம் கண்டித்த செயல். ஆனால் எது விரயம்? பயன்படாமல் கூடத்தில் தூசி படியும் இயந்திரமும் விரயம்தானே? எட்டு ஆண்டுகள் கற்ற கைத்தொழில் துருப்பிடித்துப் போவதோ அதனினும் பெரிய விரயம். ஊர் திரும்பிய நாள்முதல் அறையை விட்டு அதிகம் வெளிவராத மகன், தூளைத் தாளில் பரப்பிக் காட்டிய அன்றுதான் மனம் விட்டுப் பேசினான். அதைக் கண்ட பிறகு எனக்கு அந்தப் பன்னிரண்டாயிரம் வேறு விதமாகத் தோன்றிற்று.

செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. அதையும் வாசகர்க்குச் சொல்லிவிட வேண்டும். வீட்டு இயந்திரங்களோடு இரண்டு வகைக் கிண்ணங்கள் வரும். ஒன்றில் அடி முழுதும் துளைகள். மற்றொன்று இரட்டை அடி கொண்டது. உள்ளடியில் பல துளைகள் இருப்பினும் வெளியடியில் ஒரே ஓர் ஊசித்துளைதான். அந்தத் துளையே அழுத்தத்தை உண்டாக்கிவிடுவதால் கடையில் அரைத்த சிக்கரியில்லாத தூளைக்கொண்டே ஓரளவு குடிக்கத்தக்க காப்பி கிடைக்கும். நுரையும் வரும். எப்போதாவது ஒரு முறை குடிப்பவர்க்கு இதுவே போதும். கிரைண்டருக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. என் மகன் அதை எடுத்து வைத்துவிட்டான். "அந்த நுரை தூளிலேருந்து வரலை அத்தா, துளையிலேருந்து வருது" என்றான்.

கைக்கிரைண்டரே என்று முடிவாயிற்று. அதைத் தேர்ந்தெடுக்கையில் அவன் பார்த்தவை நான்கு. பற்கள் எஃகாக இருக்க வேண்டும். மலிவு மிஷின்களின் பீங்கான் பற்கள் இந்த நுண்மைக்கு ஈடு கொடா. அச்சை மேலும் கீழும் இரு பேரிங்குகள் தாங்க வேண்டும். அத்தாவின் மிஷினில் இல்லாதது இதுவே. நுண்மையை மாற்றும் திருகு ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கோ அதனினும் குறைவோ நகர வேண்டும். பில்டருக்கு இவ்வளவு நுட்பம் தேவையில்லை, எஸ்பிரஸ்ஸோவில் ஒரு சொடுக்கு ஐந்து விநாடியை மாற்றிவிடும். கடைசியாக, கழற்றித் துடைக்க எளிதாக இருக்க வேண்டும். காப்பியின் எண்ணெய் படிந்து சிக்குப்பிடித்தால் நாளைய காப்பியில் சென்ற மாதத்து வாடை வீசும். மின்சாரம் வேண்டாத கருவி என்பது புயல் வரும் கரையில் வாழும் எங்களுக்குத் தனிச்சிறப்பு.

ஒரு தடை மட்டும் எஞ்சியது. மகனின் மணிக்கட்டு சுற்றும் வேலையைத் தாங்காது. 18 கிராம் கொட்டையை அரைக்க ஒன்றரை நிமிடம் நல்ல வலுவோடு சுற்ற வேண்டும். அந்தப் பணியை நான் ஏற்றுக்கொண்டேன். சுபுஹு தொழுது வந்ததும் நான் அரைக்கிறேன். அவன் மற்றவற்றைக் கவனிக்கிறான். ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு மகன் கொடுத்த உத்தியோகம் இது.

அடுத்தது டேம்பர். காம்பு வைத்த குத்துக்கட்டை போன்ற ஒரு சிறு கருவி அது. கிண்ணத்துத் தூளை அமுக்க உதவுவது. நம் பில்டருக்குள்ளும் குடைபோல் காம்பு வைத்த துளைத்தட்டு ஒன்று உண்டல்லவா? அதன் இத்தாலிய உறவினன் என்று கொள்ளலாம். பில்டரில் அந்தத் தட்டு உள்ளேயே தங்கி, ஊற்றும் நீர் தூளைக் குழி பறிக்காமல் காக்கும். டேம்பரோ அமுக்கிவிட்டு வெளியேறிவிடும். எங்கள் இயந்திரத்தோடு வந்தது பிளாஸ்டிக்கால் ஆனது. கிண்ணத்தின் உள்வாயைவிட இரண்டு மில்லிமீட்டர் சிறியது. அதனால் ஓரத்தில் ஒரு வளையம் அமுங்காமல் நின்றது. நீர் அந்த வழியே ஓடிற்று.

இதை விளங்கிக்கொள்ளவும் எனக்கு வயலே துணை செய்தது. நடவுக்கு முன் ஏன் பரம்படிக்கிறோம்? மேடு பள்ளம் இருந்தால் நீர் பள்ளத்தில் தேங்கி, மேட்டுப் பயிர் வாடும். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் போதும். வயல் முழுதும் நிற்க வேண்டிய நீர் அதன் வழியே வடிந்துவிடும். காப்பிக் கிண்ணமும் ஒரு குறுவயல்தான். சமனாகப் பரம்படித்து, ஓரத்து நண்டு வளைகளை அடைத்துவிட்டால் நீர் எல்லாத் துகளையும் ஒன்றுபோல் நனைத்து இறங்கும்.

முப்பது பவுண்டு, அதாவது ஏறத்தாழ 14 கிலோ வலுவோடு அழுத்த வேண்டும் என்பது கடைகளில் வழிவழியாய்ச் சொல்லிக் கொடுக்கும் கணக்கு. என் மகனின் மணிக்கட்டு வலிக்கும் அதுவே காரணம். நான் கணக்காசிரியனாக இருந்தவன். தாளை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். 51 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு சற்றேறக்குறைய 20 சதுர சென்டிமீட்டர். ஒன்பது மடங்கு வளியழுத்தத்தில் வரும் நீர் அதன் மேல் 180 கிலோவுக்கு மேற்பட்ட வலுவோடு இறங்குகிறது. மனிதன் கையால் கொடுக்கும் பதினான்கு கிலோ அதன்முன் எம்மாத்திரம்? தூளிடையே உள்ள காற்று வெளியேறி, அதற்குமேல் அமுங்காத நிலை வந்துவிட்டால் கையின் வேலை முடிந்தது. கூடுதலாக அழுத்துவதால் காப்பிக்குப் பயனில்லை. மணிக்கட்டுக்குக் கேடு மட்டும் உண்டு. தேவை வலுவன்று, சமன். தாளைப் பார்த்துவிட்டு மகன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின், "எட்டு வருஷம் யாரும் இதைச் சொல்லலையே அத்தா" என்றான்.

டேம்பரைக் கடையில் வாங்கவில்லை. நாகையில் ஒரு லேத் பட்டறைக்குக் கிண்ணத்தை எடுத்துச் சென்றோம். வெர்னியரால் உள்வாயை அளந்து, அதற்கு மயிரிழை குறைவாக எவர்சில்வர்த் துண்டொன்றைக் கடைந்து தந்தார்கள். பூவரச மரத்தில் கைப்பிடி. கூலியும் பொருளுமாக 600 ரூபாய். கைப்பிடியை உள்ளங்கைக்கு ஏற்ற உயரத்தில் அமைத்ததால் மணிக்கட்டை மடக்காமல், முழங்கையை நேர்மேலே நிறுத்தி, உடலின் எடையை மெல்லச் சாய்த்தால் போதும். அவனுடைய வலி இப்போது பெருமளவு தணிந்திருக்கிறது. எல்லாப் புகழும் இறைவனுக்கே.

இன்னொரு செய்தியையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். மிக நுண்ணிதாய் அரைப்பதே சிறப்பு என்று உலகம் நெடுநாள் நம்பியிருந்தது. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேதியியலாளர் கிறிஸ்டபர் ஹெண்டனும் அவருடைய கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு வேறுவிதமாகக் கூறிற்று. அளவுக்கு மீறி நுண்ணிதாக அரைத்தால் தூள் அடைத்துக்கொண்டு, நீர் சில இடங்களில் மட்டும் வழி கண்டு ஓடுகிறது. சற்றுப் பருவெட்டாக அரைத்து, 20 கிராமுக்குப் பதில் 15 கிராம் தூளை இட்டால் சுவை நாளுக்கு நாள் மாறாமல் நிற்கிறது, கொட்டையும் மிஞ்சுகிறது. நாங்களும் இப்போது 15 கிராமையே இடுகிறோம். சிக்கனமும் சுவையும் கைகோத்து வருவது உலகில் அடிக்கடி நிகழ்வதன்று.

ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்து, கடற்காற்று வீட்டுக்குள் ஈரத்தைக் கொண்டுவரும் நாள்களில் நேற்றைய அரைவை இன்றைக்குப் பொருந்துவதில்லை. திருகை ஒரு சொடுக்கு மாற்ற வேண்டியிருக்கும். கருவியை ஒரு முறை சரிசெய்துவிட்டு மறந்துவிட முடியாது. அன்றைய காற்றைக் கேட்டே அரைக்க வேண்டும். விதைப்புக்கு முன் வானத்தைப் பார்ப்பவர்க்கு இது புதிதன்று.

இனிக் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். மகனின் மனத்தில் இருந்தது வீட்டுக் காப்பி மட்டுமன்று. இந்த இயந்திரத்தை வைத்து ஒரு கடை போட வேண்டும் என்ற நினைவும் இருந்தது. மனைவியின் நகைமீது கடன் வாங்கவும் எண்ணியிருந்தான். அந்த எண்ணத்துக்கு அளவுகோலாக வாய்த்ததும் கிரைண்டர்தான். நான் ஒரு முறை அரைக்க ஒன்றரை நிமிடம். அடுத்தடுத்துப் பத்துப் பேர் வந்து நின்றால் கை தாங்காது. கடைக்கான மின் கிரைண்டர் விலை லட்சத்தை நெருங்குகிறது. நாள் முழுதும் ஓடத்தக்க பெரிய இயந்திரம் வேறு வேண்டும். வீட்டுப் பெட்டி வீட்டுக்குத்தான். இருவரும் ஓர் இரவு உட்கார்ந்து ஒரு குவளைக்கான பால், கொட்டை, மின்சாரம், வாடகை என்று எழுதிக் கூட்டினோம். நகையை அடகு வைக்கும் யோசனை அன்றிரவே கைவிடப்பட்டது. மறுமாதம் அவன் திருவாரூரில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வளைகுடாவில் பெற்றதில் பாதிக்கும் குறைவான சம்பளம். ஆனால் இரவு வீட்டில் படுக்கிறான்; குழந்தைகள் அவனை அறிந்து வளர்கின்றன. அவன் ஒரு தனிக் கணக்கில் மாதந்தோறும் சிறிது சேர்த்து வருகிறான். கடை வருமா என்பது இறைவன் நாட்டம். வந்தால், கடனில் வராது.

என் அம்மாவுக்கு எஸ்பிரஸ்ஸோ பிடிக்கவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "இது மருந்தாட்டம் இருக்கு தம்பி. எனக்கு என் பில்டர்லயே போடு" என்று பேரனிடம் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்குப் பினாங்கு மிஷினில் அரைத்த தூள், சிக்கரியோடு. எங்களுக்கு இத்தாலிய முறை. மனைவிக்கு அந்தச் சாற்றில் காய்ச்சிய பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து. ஓர் அடுக்களையில் மூன்று வகைக் காப்பி, யாருக்கும் மனக்குறையில்லை.

இக்கருவிகளை வாங்க எண்ணும் இளைஞர்களுக்கு ஒன்று சொல்வேன். கையிலுள்ள பணத்தில் பெரும்பங்கை மின்னும் இயந்திரத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள். அரைக்கும் கருவிக்கு முதலிடம் கொடுங்கள். டேம்பருக்கு விலை முக்கியமன்று, அளவு முக்கியம். கிண்ணத்தை அளந்த பிறகு வாங்குங்கள். கொட்டையைச் சிறிது சிறிதாக வாங்கி, குடிக்கும் வேளையில் அரையுங்கள். அழுத்தும்போது வலுவைக் காட்டாதீர்கள், சமனைப் பாருங்கள். இல்லத்தில் ஒருவர் ஊர் திரும்பி, வேலையின்றி, பேச்சின்றி அறைக்குள் அமர்ந்திருந்தால், அவரிடம் அவர் கற்ற தொழிலைப் பற்றிக் கேளுங்கள். கற்றுக்கொடுக்கும் வாய்ப்பு மனிதனை நிமிர்த்துகிறது. அதற்குக் காப்பிதான் வேண்டும் என்பதில்லை.